ரிக் வண்டிக்குக் காவல்

குஞ்சு பொரிப்பகத்தில் அவளுக்குப் பூனை என்று பேர். நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் பெரிதாக வராது. முட்டை பார்க்கிற அறை எப்போதும் இருட்டாகவே இருக்கும். அடியில் விளக்கு எரிகிற மேசைமேல் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும். உயிர் பிடித்த முட்டைக்குள் சிவப்பு நூல் பிரிந்த மாதிரி நரம்பு ஓடியிருக்கும். பிடிக்காதது வெறும் மஞ்சளாகத் தெரியும். அதை எடுத்துக் கூடையில் ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. கூட இருக்கிற பெண்கள் வாய் வலிக்கப் பேசுவார்கள். இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பூனை அக்கா இருக்காங்களா, வீட்டுக்குப் போயிட்டாங்களா? யாராவது தொட்டுப் பாருங்கப்பா" என்று இருட்டில் ஒருத்தி கேலி செய்வாள்.

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் யாருக்கும் தெரியாது.

அவள் கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அதே வண்டிதான். இரண்டு லாரி, ஒன்றில் துளைபோடும் இயந்திரம், இன்னொன்றில் கம்ப்ரஸரும் குழாய்களும். மாதக்கணக்கில் எங்காவது ஒரு காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். விடுமுறை வந்தால் எல்லோரும் ஊருக்குப் போவார்கள், ஒருவர் மட்டும் வண்டிக்குக் காவலாக இருக்க வேண்டும். யார் இருப்பது என்று முடிவு செய்ய ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒரு தொப்பிக்குள் போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். மரை தேய்ந்த போல்ட் யார் கைக்கு வருகிறதோ அவர் காவல்.

போன வருஷ முடிவில் அந்தப் போல்ட் தனக்கு வந்துவிட்டது என்று போனில் சொன்னார். நடுவில் வந்த நீண்ட விடுமுறைக்கும் அதே போல்ட். இந்த வருஷம் முடியப் போகிறபோது மறுபடியும் அதே பேச்சு. "சரிங்க, உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். "சிக்னல் சரியில்ல, ஒண்ணும் விளங்கல, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நாளாகவே போனில் அவருக்குச் சிக்னல் இருப்பதில்லை.

மாடி வீட்டுக்காரி துணி காயப்போட வந்தவள் ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனாள். "ஆம்பளைங்க ஒரு இடத்த விட்டு நகரலேன்னா, அந்த இடத்துல ஏதோ ருசி இருக்குன்னு அர்த்தம். நான் பொதுவா சொல்றேன், நீ தப்பா எடுத்துக்காத."

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்கு முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உயிருள்ள ஒன்றையும் தவறுதலாகக் கூடையில் போட்டுவிட்டாள். உடனே திரும்ப எடுத்துத் தட்டில் வைத்தாள். வேலை முடிந்ததும் வெளியே வந்து, ரிக் வண்டி மேஸ்திரிக்குப் போன் போட்டாள். அந்த மனிதரோடு அதுவரை அவள் பேசியதே இல்லை. குடும்பத்தோடு காட்டுக்கு வந்து தங்கலாமா என்று கேட்பதற்குத்தான் போட்டாள். மேஸ்திரி நல்ல மனிதர், நிறையப் பேசுகிறவர்.

"தாராளமா வாங்கம்மா. பாவம், தனியாக் கெடப்பார். ஆனா ஒண்ணு, நீங்க வந்தாவது கையோட கூட்டிட்டுப் போங்க. போன தடவை தேஞ்ச போல்ட் எனக்குத்தான் வந்துச்சு. நீங்க போங்க மேஸ்திரி, நான் இருக்கேன்னு புடிச்சுத் தள்ளாத குறை. அதுக்கு முன்னாடியும் வேற ஒருத்தர்கிட்ட வாங்கிக்கிட்டார். வீட்டுல ஏதாச்சும் மனஸ்தாபமாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லீங்க."

அப்படியென்றால் அவராகவேதான் வீட்டுக்கு வராமல் இருக்கிறார். அந்த நினைப்பை வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை. ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு, எப்படியாவது வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

நாத்தனார் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அண்ணனுக்குத் தங்கை என்றாலும் தொண்டையில் அக்காள். அவள் வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனைக் கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பார். விடுமுறையில் வேன் சும்மாதான் நின்றது. விஷயத்தைச் சொன்னதும், "அண்ணன் வரலேன்னா நாம போவோம். வருஷப் பொறப்பு காட்டுக்கும் பொதுதானே" என்று கிளம்பிவிட்டாள்.

மகளுக்குத்தான் இஷ்டமில்லை. பதினோரு வயசுப் பெண். அப்பா கடைசியாக வீட்டில் இருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், கூடப் படிக்கும் பெண்ணின் அம்மா இறந்துபோனதை அவரிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, "நல்லது, நல்லது" என்றார். சிறுமி தட்டை வைத்துவிட்டு அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். அதிலிருந்து அப்பா என்ற பேச்சை எடுத்தாலே உதட்டை மடித்துக்கொள்வாள்.

"அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலம்மா" என்று வேனில் ஏறும்போது சொன்னாள்.

"கிறுக்கு மாதிரி பேசாதே" என்றாள் நாத்தனார். "உங்கப்பாவுக்கு யாரையும் பிடிக்காது. சின்ன வயசுல என்னையே எடைக்குப் போட்டுடலாம்னு கேட்டவர்."

வேன் முழுக்கப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் வாசனை. பலூன் பாக்கெட், வண்ணக் காகிதம், கேக் பெட்டி, கோழி, கடன் வாங்கிய கூடாரம் எல்லாவற்றையும் பின்சீட்டில் அடைத்திருந்தார்கள். தார்ச் சாலை முடிந்து, மண்பாதையும் முடிந்து, லாரிச் சக்கரம் பதிந்த தடத்தில் போனார்கள். இரண்டு பக்கமும் இடுப்பளவு முட்புதர், நடுநடுவே வளைந்த மரங்கள். போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

அவர் இரண்டு லாரிகளுக்கும் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார். தம் கூடாரத்தின் முன்னால் தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். மேஸ்திரி ஊருக்குக் கிளம்புமுன்பே நேரில் சொல்லிவிட்டார் போல. மரத்தில் பலகை வைத்து ஊஞ்சல் ஒன்றும் கட்டியிருந்தார். கயிற்றில் சிறுமியின் கை உறுத்தக்கூடாது என்று பழைய சட்டைத் துணியைச் சுற்றியிருந்தார். அவள் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். இப்படிச் செய்கிறவருக்கா எங்களைப் பிடிக்கவில்லை?

"என்ன அண்ணே, காட்டுக்கே ராஜாவாயிட்டியா? மகுடம் எங்கே?" என்று நாத்தனார் வேனிலிருந்தே கத்தினாள்.

"வா வா, குரங்குங்க எல்லாம் உன்னத்தான் தேடிட்டிருந்துச்சு" என்று அவர் சிரித்தார்.

மனைவியைப் பார்த்தும் சிரித்தார். "இளைச்சுட்டீங்களே" என்றாள் அவள். "ம், ம், சரி" என்றார். அவள் கேள்வியே கேட்கவில்லை. சரி என்பதற்கு அங்கே வேலையும் இல்லை.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதானே. கூடாரம் அடித்தபோது நாத்தனார் போட்ட சத்தத்துக்கெல்லாம் அவர் திரும்பினார். சிறுமி முளைக்குச்சி கேட்டபோது முதல்தடவை திரும்பவில்லை, இரண்டாம் தடவை முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். தான் பேசினால் மட்டும் அந்த ம், ம். பேசுகிறவர்களின் கண்ணை அவர் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.

பொழுது இறங்க இறங்கச் சில்வண்டுகள் ஆரம்பித்தன. ஒரு மரத்தில் தொடங்கி அடுத்த மரம், அதற்கடுத்தது என்று காடு மொத்தமும் ஒரே இரைச்சல். இரும்பை இரும்பால் அறுக்கிற மாதிரி இருந்தது. சிறுமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நாத்தனார் அடுப்பில் கோழியைக் கிளறிக்கொண்டே, "அண்ணே, இதுக்குள்ள எப்படித்தான் தூங்கறே? காது கிழியுது" என்றாள்.

அவர் விறகை உடைத்துப் போட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "எதுக்குள்ள? இங்க எனக்குப் பிடிச்சதே இதுதான். கம்ப்ரஸர நிறுத்திட்டா ஒரு சத்தம் கிடையாது. எவ்வளவு அமைதியா இருக்கு பாரு."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "நக்கலு" என்றாள். சிறுமிகூடச் சிரித்துவிட்டாள். அவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, அவருக்குப் பின்னால் போய் நின்றாள். "என்னங்க" என்றாள். அவர் விறகு உடைத்தார். "உங்களுக்கு நான் வேண்டாமா?" என்றாள். வாழ்க்கையில் யாரிடமும் கேட்காத கேள்வி. அவர் சுள்ளியை முழங்காலில் வைத்து ஒடித்து, எரிகிறதா என்று அடுப்பைப் பார்த்தார்.

மறுநாள் வருஷப் பிறப்பு. சிறுமி விடிந்ததும் எழுந்து ரிக் வண்டி தார்ப்பாயின் கயிறு முழுக்கப் பலூன் கட்டினாள். முள் குத்திப் பாதி வெடித்தது. கேக் வேனில் குலுங்கி ஒரு பக்கம் சரிந்திருந்தது. நல்ல பக்கத்தை நாத்தனார் தனக்கென்று சொல்லிச் சண்டை போட்டாள். எல்லோரும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டினார்கள். சிறுமி ஊஞ்சலில் ஏறி, வெகுநேரம் கழித்து, "தள்ளிவிடுங்கப்பா" என்றாள். ஊஞ்சலைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது சந்தோஷமான குடும்பமாகத்தான் தெரிந்திருக்கும்.

சுள்ளி பொறுக்க நாத்தனாரும் சிறுமியும் போனதும், அவள் அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். வாயை நன்றாகத் திறந்து, "உங்களுக்குக் காது கேக்கல" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. ஒரு சுள்ளியால் மண்ணைக் கிளறினார்.

"உன் குரல்தான் முதல்ல போச்சு" என்றார். "சத்தமாப் பேசறவங்க கொஞ்சம் வந்துட்டிருந்தாங்க. நீ எப்பவும் மெதுவாப் பேசறவ. என்னன்னு கேப்பேன். திரும்ப ஒரு தடவை சொல்லுவே. அதுவும் விளங்காது. இன்னொரு தடவை கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டு உள்ள போயிடுவே. அப்புறம் கேக்கவே கூச்சமாயிடுச்சு."

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அவர் என்ன என்று கேட்டபோதெல்லாம், தன் பேச்சு அவருக்கு அலுத்துவிட்டது என்றல்லவா அவள் நினைத்தாள். பட்டும் படாமலும் விலகிப் போனது இவள். அங்கே அவர் தனியாக நின்றிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்தா நாலு செவுத்துக்குள்ள எல்லாரும் ஏதோ பேசிட்டிருப்பீங்க. நான் பொம்மை மாதிரி சிரிச்சுட்டு உக்காந்திருப்பேன். அன்னிக்கு இவ என்ன சொல்லிட்டு அழுதுட்டுப் போனா? எனக்கு இன்னும் தெரியாது."

அவள் சொன்னாள். சிநேகிதியின் அம்மா, இறப்பு, அவர் சிரித்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலையில யாருக்கும் தெரியாதா?"

"மேஸ்திரி கையப் பாத்தே வேலை செய்யறேன். கை ஏறினா குழாய் ஏத்தணும், விரல மடக்கினா நிறுத்தணும். வருஷக்கணக்கா செஞ்சது, தெரியாதா என்ன. கம்பெனிக்குத் தெரிஞ்சா மறுநாளே அனுப்பிடுவாங்க. எனக்கு இத விட்டா வேற என்ன தெரியும்? நீ யார்கிட்டயும் வாய் தொறக்கக் கூடாது. நீ தொறக்க மாட்டே, அது தெரியும்."

"வீட்டுக்கு வந்துடுங்க."

அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

மத்தியானம் வெயில் ஏறியது. தண்ணீர் டேங்கர் ஒன்று அங்கே தனியாக நின்றது. அதைப் பின்னால் நகர்த்திக் கூடாரத்துக்கு நிழலாக நிறுத்தலாம் என்று அவர் ஏறினார். சிறுமி அதற்கு முன்பே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு டேங்கருக்குப் பின்னால் போய், குழாயில் பலூனுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது தெரியாது. இன்ஜின் உறுமியது.

அவள் கூடார வாசலிலிருந்து பார்த்தாள். "நிறுத்துங்க" என்றாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஓடினாள். சிறுமியும் டேங்கருக்குப் பின்னாலிருந்து, "அப்பா, அப்பா" என்று கத்தினாள். வண்டி பின்னால் வந்துகொண்டேயிருந்தது. அவள் ஓட்டுநர் பக்கக் கதவில் தாவி, கண்ணாடியைப் பிடித்துத் தொங்கி, அவர் தோளில் ஓங்கி அடித்தாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

சிறுமி புதருக்குள் விழுந்து கிடந்தாள். கையெல்லாம் முள் கீறல், வேறொன்றுமில்லை. வாளிதான் சக்கரத்துக்கு அடியில் தட்டையாகிப் போயிருந்தது.

நாத்தனார் சிறுமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தாள். "கண்ண எங்க வச்சிருக்கே, கனவு காணறியா? இவ கத்தறது புதருக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கே கேட்டுச்சே." அவர் அந்த வாளியை இழுத்தெடுத்து, மடியில் வைத்து, கட்டைவிரலால் உள்ளிருந்து அமுக்கி அமுக்கி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார். அது பிளாஸ்டிக் வாளி. விரிசல் விட்டுவிட்டது. ஆனாலும் அமுக்கிக்கொண்டேயிருந்தார்.

இன்னும் ஒருநாள் இருப்பதாக வந்தவர்கள் அன்றைக்கே கிளம்பினார்கள். சிறுமி அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேன் ஜன்னலருகே வந்து, மனைவியைப் பார்த்து, அவர் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினார். அவள் ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை.

வழியெல்லாம் அவளுக்கு ஒரே காட்சிதான். மேஸ்திரி ஒருநாள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கைக்குப் பதிலாகக் குரல் கொடுக்கிறார். இவர் குழாயை இறக்குகிறார். அடியில் யாரோ ஒருவர். அல்லது அடியில் இவரே.

தார்ச் சாலை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. வேனை நிறுத்தச் சொன்னாள்.

"டீயா அண்ணி? எனக்கும் ஒண்ணு" என்றாள் நாத்தனார்.

அவள் கடைக்குப் போகவில்லை. வேனை ஒட்டி நின்று மேஸ்திரிக்குப் போன் போட்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "என் வீட்டுக்காரருக்குக் காது கேக்கலீங்க" என்றாள்.

"என்னம்மா? ஒண்ணும் விளங்கல."

மறுபடி சொன்னாள். மறுபடியும் அவருக்கு விளங்கவில்லை. "லாரிச் சத்தமா இருக்கு. நான் அப்புறம் பேசட்டுமா?" என்றார்.

அப்புறம் என்றால் தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு கையால் வேன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு குரலில், கரகரப்பாக, ஆண்பிள்ளைத்தனமாக, "என் புருஷனுக்குக் காது கேக்காது" என்று கத்தினாள். "ரொம்ப நாளா கேக்கல. உங்க கையப் பாத்துட்டு வேலை செய்யறார். இனிமே அவர வண்டியில ஏத்தாதீங்க."

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாத்தனார் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். வேன் ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

"என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?" என்றார் மேஸ்திரி.

"தெரிஞ்சுதான்."

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்ததும் அவரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் அவர் தகரப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது.

சண்டை எதுவும் போடவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், குளித்தார், சாப்பிட்டார். காதுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். அது விசில் அடிக்கிறது என்று டப்பாவிலேயே கிடக்கிறது. வீட்டில் ஒழுகுகிற குழாய், ஆடுகிற நாற்காலி ஒன்று விடாமல் சரிசெய்துவிட்டார். இப்போது சரிசெய்ய எதுவுமில்லை. நாத்தனார் வேனில் கதவு திறந்துவிடுகிற வேலைக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகள் ஏறுகிற வண்டி எனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மகளோடு மட்டும் பேசுகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அவள் அவர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாயசைத்து அன்றைய கதை முழுவதும் சொல்கிறாள். நடுவில் வேண்டுமென்றே சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பாள். "திருடி, காத்தடிக்குது" என்று தொண்டை அசையாததை வைத்தே அவர் கண்டுபிடித்துவிடுவார். இருவரும் சிரிப்பார்கள். இவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

மனைவியிடம் அவருக்குப் பேச்சில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. அவள் எதிரே வந்து வாயைத் திறந்தால் முகத்தை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். வாயைப் பார்க்காவிட்டால் அவருக்கு அவள் வீட்டில் இல்லை. இவ்வளவு சுலபமாக ஒரு ஆளை இல்லாமல் செய்துவிட முடியும் என்று அவளுக்கு இதற்குமுன் தெரியாது.

முதல் சில வாரம் அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். ஒருநாள் பொரிப்பகத்திலிருந்து வந்து, சாப்பாடு போடவா என்று கேட்டபோது, வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். அவள் கட்டிலைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, அந்தப் பக்கம் போய் அவர் முகத்துக்கு நேரே நின்று, மறுபடியும் கேட்டாள். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

கட்டிலை அவள் திரும்பத் தள்ளிவைக்கவில்லை.